மறு: இன்பாக்ஸ் ஸீரோ – ‘நிலுவையின்மை’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘இன்பாக்ஸ் ஸீரோ’ (வந்த மடல் எதையும் முடிவெடுக்காமல் தேங்கவிடாத பழக்கம்) போன்ற மின்னஞ்சல் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். இதுவரை ‘சுழிய உள்பெட்டி’க்குத்தான் ஆதரவு அதிகம் தெரிகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். முதலில், இழையில் ஒரு நண்பர் கேட்டது:

> மூலத்தில் ஸீரோ இருக்கும்போது தமிழில் சுழியத்தை எப்படி விட முடியும்?

அந்த ஸீரோ எதைக் குறிக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். இந்தச் சொல்லைப் பரப்பியவர் மெர்லின் மான் என்ற அமெரிக்க எழுத்தாளர். 2007 ஜூலையில் கூகுள் அலுவலகத்தில் அவர் பேசிய பேச்சுக்குப் பிறகுதான் இது எல்லோர் வாயிலும் புழங்க ஆரம்பித்தது. அழி, வேறொருவரிடம் ஒப்படை, பதில் எழுது, தள்ளிவை, இப்போதே செய் என்று ஒவ்வொரு மடலுக்கும் ஐந்தில் ஒரு முடிவை எடுக்கச் சொன்னார். பெட்டியில் எத்தனை மடல் கிடக்கிறது என்ற எண்ணிக்கையைவிட, நம் மனசு எவ்வளவு தூரம் அந்தப் பெட்டிக்குள்ளேயே மாட்டிக்கிடக்கிறது என்பதுதான் அவருடைய கவலை. ‘சுழியம்’ என்று வைத்துவிட்டால், தினமும் பெட்டியைத் துடைத்துக் காலியாக வைக்கவேண்டும் என்றுதான் புதிதாகப் படிப்பவர் புரிந்துகொள்வார்.

நான் கோத்தகிரியில் சிறு தேயிலை விவசாயிகளுக்கான ஓர் அலுவலகத்தில் மடல்களைக் கவனிக்கிறேன். வாராவாரம் குன்னூர் ஏல நிலவரம், தேயிலை வாரியத்தின் பசுந்தேயிலை மாத விலை அறிவிப்பு, உரக்கடைக்காரர்களின் விளம்பரம், வங்கிக் கடிதம் என்று எல்லாம் ஒரே பெட்டியில் வந்து விழும். ஏல நிலவரத்தைப் படித்தால் போதும், பதில் தேவையில்லை. ஒரு விவசாயி தன் மானிய விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தால் அதற்குப் பதில் போய்ச் சேரும்வரை அது முடியாத வேலை. இந்த வேறுபாட்டைச் சொல்ல எங்கள் அலுவலகத்தில் யாரும் புதுச்சொல் தேடியதில்லை. ‘இது நிலுவையில் இருக்கு, அது பைசல்’ என்று பேசிக்கொள்கிறோம்.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் இது நெடுங்காலப் பழக்கம். வருகிற தபால் தன்பதிவேட்டில் (எழுத்தர் தன்னிடம் வரும் தபால்களைப் பதியும் ஏடு) ஏறும், முடிவெடுக்கும்வரை நிலுவை, எடுத்தபின் பைசல். முடிந்த கோப்பையும் உடனே கிழித்துப் போடுவதில்லை. ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு என்று அதன் ஆயுளை அப்போதே குறித்துவிடுவார்கள். ‘மூ.மு.’, ‘ப.மு.’ என்று அரசுக் கடிதங்களின் தலைப்பில் பார்த்திருப்பீர்கள். ஜிமெயில் 2004-இல் 1 ஜிபி இடத்தோடு வந்து ‘இனி எதையும் அழிக்கவேண்டாம்’ என்ற பழக்கத்தை ஏற்படுத்தியது. அதன்பின், ஒரு மடலை எத்தனை காலம் வைத்திருக்கவேண்டும் என்ற கேள்வியையே நாம் விட்டுவிட்டோம். ஆனால் பதிவறை எழுத்தர்கள் அதை விடவில்லை. அவர்கள் சொற்களை மின்னஞ்சலுக்கு எடுத்துக்கொள்வதுதான் முறை.

‘பைசல்’ அரபு மூலம் என்று தனித்தமிழ் அன்பர்கள் சொல்வார்கள், சரிதான். அவர்களுக்காக ‘முடிப்பு’ என்பதையும் இணையாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் நிலுவை என்பதை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆகவே இன்பாக்ஸ் ஸீரோவுக்கு என் பரிந்துரை ‘நிலுவையின்மை’. பெட்டியில் ஆயிரம் மடல் இருந்தாலும் அதில் ஒன்றுகூட நம் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை என்றால் அது நிலுவையின்மைதான்.

அடுத்தது, பழைய மடல்களை மொத்தமாகக் காப்பகத்துக்கு (ஆர்க்கைவ்) அனுப்பும் செயல். ‘களையெடுப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். களை வேண்டாத செடி, பிடுங்கி எறிந்துவிடுவோம். காப்பகத்துக்குப் போவது வேண்டாத மடல் இல்லையே. இதற்கு ‘கவாத்து’ (செடியின் கிளைகளை வெட்டிவிடுவது) பொருந்தும் என்று நினைக்கிறேன். தேயிலைச் செடி கைக்கு எட்டாத உயரத்துக்கு வளர்ந்து, கொழுந்தும் குறையத் தொடங்கும்போது, நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து வெட்டுகிறோம். வெட்டிய கிளையைப் பெரும்பாலும் தோட்டத்திலேயே வரிசைக்கு நடுவில் போட்டுவைப்பார்கள், மண்ணுக்கு நல்லது. ஜிமெயிலில் காப்பகப்படுத்தும்போதும் இன்பாக்ஸ் என்ற லேபிள் மட்டும்தான் போகிறது. மடல் ‘எல்லா அஞ்சலும்’ பகுதியில் அப்படியே இருக்கும், தேடினால் கிடைக்கும். அதனால் கவாத்தினால் சேமிப்பிடம் மிச்சமாகாது என்பதையும் விளக்கக் குறிப்பில் எழுதவேண்டும். இலவசக் கணக்கின் 15 ஜிபி நிரம்பிவிட்டால் பெரிய இணைப்புகள் உள்ள மடல்களை அழித்தே ஆகவேண்டும். குப்பைக்குப் போன மடல் 30 நாள் கழித்துத் தானாக நீங்கும்.

காவலர் அணிவகுப்புப் பயிற்சிக்கும் கவாத்து என்ற பெயர் இருப்பதால் குழப்பம் வரும் என்பீர்கள். ‘மடல் கவாத்து’ என்று சேர்த்துச் சொன்னால் குழப்பம் இருக்காது. நீலகிரியில் மட்டும் புழங்கும் சொல்லும் இல்லை இது. மா, கொய்யா, காப்பி வைத்திருப்பவர்களுக்கும் தெரியும்.

விளம்பர மடல்களிலிருந்து வெளியேறுவதற்கு (அன்சப்ஸ்கிரைப்) ‘குழுவிலகு’ வேண்டாம், வெறும் ‘விலகு’ போதும். உரக்கடை விளம்பரத்தில் நாம் எந்தக் குழுவிலும் சேர்ந்ததில்லை. பெருமளவில் அனுப்புவோர் விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தரவேண்டும் என்று ஜிமெயிலும் யாஹூவும் 2024-இல் விதி கொண்டுவந்தன. அந்தப் பொத்தான் மடலின் மேற்பகுதியிலேயே தெரிகிறது. பொத்தானில் சின்னச் சொல்தான் அடங்கும்.

இலங்கை அன்பர்களிடம் ஒரு கேள்வி. மலையகத் தோட்டங்களில் ‘கவ்வாத்து’ என்ற வழக்கு உண்டு, அதனால் அது உங்களுக்கும் ஒத்துவரும் என்று நம்புகிறேன். அங்குள்ள அலுவலகங்களில் முடித்த கோப்பை என்ன சொல்லிக் குறிப்பார்கள்? ‘பைசல்’, ‘முடிப்பு’ இரண்டில் எதை முதன்மையாக வைப்பது என்பதை உங்கள் பதிலைப் பார்த்து முடிவு செய்யலாம்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து