மறு: கேஸ் மெத்தட் – நேர்வா, வழக்கா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மேலாண்மைக் கல்வியில் வரும் 'கேஸ் மெத்தட்'டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு வந்த மடல்களை எல்லாம் படித்தேன். 'வழக்காய்வு', 'தனியாள் ஆய்வு', 'நிகழ்வு ஆய்வு', 'சிக்கல்வழிக் கற்றல்' என்று நான்கு சொற்கள் களத்தில் நிற்கின்றன. சொல்லைத் தேர்வதற்கு முன், மேலாண்மை வகுப்பில் இந்தக் கேஸ் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் 'கேஸ் ஸ்டடி' என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு காரியங்கள் குடியிருக்கின்றன. நாமும் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் தலைவலிதான்.

ஒன்று, ஆராய்ச்சி. ஒரு நிறுவனத்தையோ ஊரையோ எடுத்துக்கொண்டு துருவித் துருவிப் பார்த்து, எதனால் இப்படி ஆனது என்று கண்டு சொல்வது. அங்கே எழுதியவர் முடிவுரை சொல்லியே ஆக வேண்டும். மற்றது பாடம் நடத்தும் முறை: ஒரு நிறுவனம் மாட்டிக்கொண்ட சிக்கலை எழுதிக் கொடுத்து, மாணவர்களை விவாதிக்கவைப்பது. இங்கே எழுதியவர் முடிவைச் சொல்லவே கூடாது. சொன்னால் வகுப்பு அங்கேயே படுத்துவிடும்.

ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் 1921-இல் கிளின்டன் பிடில் எழுதியதைத்தான் இத்துறையின் முதல் கேஸ் என்கிறார்கள். ஜெனரல் ஷூ கம்பெனி என்ற செருப்புத் தொழிற்சாலை. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தொழிலாளர்கள், வேலைநேரம் முடிவதற்கு முக்கால் மணி நேரம் வரை இருக்கும்போதே கையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் நட்டம் அவர்களுக்கும்தானே? அப்புறம் ஏன்? நிர்வாகம் என்ன செய்ய வேண்டும்? கேள்விகளைப் பாருங்கள். கூலி முறையா, மேற்பார்வையா, தொழிற்சாலையின் வசதிக் குறைவா என்று மாணவர் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். 'ஊக்குவிப்புக் கோட்பாடு' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு ஐந்து பண்புகளை ஒப்பிக்கச் சொல்வதற்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

இன்றைய கேஸ்கள் பத்து, இருபது பக்கம் ஓடும். கடைசியில் வரவுசெலவு, சந்தைக் கணக்கு எல்லாம் இணைப்பாக இருக்கும். முதல் பத்தியிலேயே ஒரு மேலாளர் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்பார். கடைசிப் பத்தியிலும் அங்கேயேதான் நிற்பார். ஆசிரியர் வகுப்பில் நுழைந்ததும், கை தூக்காத யாரையாவது எழுப்பி, "நீங்கள் அவர் இடத்தில் இருந்தால்?" என்பார். பிறகு ஆசிரியர் பேசுவது குறைவு. மாணவர்கள் பேசுவதற்கே பாதி மதிப்பெண் வரை ஒதுக்கும் ஆசிரியர்கள் உண்டு. உண்மையில் என்ன நடந்தது என்பதைச் சில சமயம் 'பி' கேஸ் என்று தனித்தாளில் விவாதம் முடிந்த பிறகு கொடுப்பார்கள். அதையும் சரியான விடை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த நிறுவனம் அப்படிச் செய்தது, அவ்வளவுதான்.

இனி சொற்களுக்கு வருவோம்.

ஒரு நண்பர் எழுதியது: வணிகப் பள்ளிகள் இம்முறையைச் சட்டக் கல்வியிலிருந்துதானே எடுத்தன? 'வழக்கு' என்பதே வரலாற்றுக்குப் பொருந்தும்.

எடுத்தது உண்மை. 1870-இல் ஹார்வர்ட் சட்டப் பள்ளிக்குத் தலைவரான லாங்டெல் தொடங்கிவைத்த முறை இது. 1919-இல் வணிகப் பள்ளிக்குத் தலைவராகி இதை ஊன்றிய வாலஸ் டோனமும் சட்டம் படித்தவர். ஆனால் எடுத்த இடத்தில் ஒன்றை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்: தீர்ப்பை. சட்ட மாணவர் கையில் இருப்பது தீர்ப்பு சொல்லி முடிந்த வழக்கு. அந்தத் தீர்ப்பிலிருந்து பின்னோக்கிப் போய் விதியைப் பிடிக்கிறார். வணிக மாணவர் கையில் இருப்பதில் தீர்ப்பே கிடையாது. 'வழக்கு' என்றால் படிப்பவர் மனம் நீதிமன்றத்துக்குத்தான் ஓடும். வாதி யார், பிரதிவாதி யார் என்று தேடும். எனக்கு ஒப்பவில்லை.

'தனியாள் ஆய்வு' பி.எட். பாடநூல்களில் வேரூன்றிய சொல். மாணவர் ஒருவரைப் பற்றிய ஆய்வுக்குச் சரி. செருப்புத் தொழிற்சாலை தனியாள் இல்லை.

'சிக்கல்வழிக் கற்றல்' முன்மொழிந்தவர் வரலாறு தெரிந்து சொன்னாரா, தற்செயலா என்று தெரியவில்லை. தொடக்கத்தில் ஹார்வர்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். 1920-இல் மெல்வின் கோப்லாண்ட் சந்தையியலுக்குத் தொகுத்த நூலின் தலைப்பில் இருந்தது 'சிக்கல்கள்' என்ற சொல்தான். ஆனால் மருத்துவக் கல்வியில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969 முதல் நடத்திவருகிற 'ப்ராப்ளம் பேஸ்டு லேர்னிங்'கும் இருக்கிறது. அது வேறு முறை. இந்தப் பெயரை அதற்கு விட்டுவிடுவதே நல்லது.

'நிகழ்வு' இப்போது விழா அழைப்பிதழ் வரை போய்விட்டது. தவிர, நடந்து முடிந்தது என்ற தொனி அதில் இருக்கிறது.

என் பரிந்துரை 'நேர்வு'. அரசுக் கடிதங்களில் 'இந்நேர்வில்' என்று நாள்தோறும் புழங்குகிற சொல்தான், புதிதாகச் சுட்டதில்லை. கேஸ் என்ற சொல்லின் இலத்தீன் மூலத்துக்கும் 'வந்து விழுவது, நேர்வது' என்றே பொருள். அதைவிட எனக்குப் பிடித்தது, "இப்படி நேர்ந்திருக்கிறது, என்ன செய்யப் போகிறாய்?" என்ற வகுப்பறைக் கேள்வி அதற்குள் இருப்பது. பாடமுறைக்கு 'நேர்வுமுறை', ஆராய்ச்சிக்கு 'நேர்வு ஆய்வு' என்று பிரித்துவிடலாம். பின்னதைத் தயவுசெய்து புணர்த்தி எழுதாதீர்கள். 'நேர்வாய்வு' என்றால் வயிற்றுக் கோளாறுக்கு மருந்து கேட்பது போல் இருக்கிறது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "நாளைய நேர்வைப் படித்துவிட்டீர்களா?", "நிதி மேலாண்மையை நேர்வுமுறையில் நடத்துகிறார்", "நேர்வில் உள்ள தகவலை மட்டும் வைத்துப் பேசுங்கள்." நாக்கு எங்கும் இடறவில்லை. மாணவர்கள் எப்படியும் 'கேஸ்' என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும். பாடநூலுக்கும் வினாத்தாளுக்கும் சொல் வேண்டுமே.

நேர்வை வகுப்பில் எப்படி நடத்துவது என்று சொல்லும் 'டீச்சிங் நோட்' ஆசிரியர் கைக்கு மட்டும் போவது என்பதால் 'ஆசிரியர் குறிப்பு' போதும். கை தூக்காதவரை எழுப்பிக் கேட்கிற 'கோல்ட் கால்' என்பதற்கு மட்டும் சொல் இன்னும் சிக்கவில்லை. 'திடீர் வினா' என்றால் வினாவுக்கு முன்னறிவிப்பு இல்லை என்றாகிவிடுகிறது. இங்கே வினா எல்லோருக்கும் தெரியும். யாரை எழுப்புவார் என்பதுதான் தெரியாது. 'திடீர் எழுப்பல்' என்று எழுதி அடித்துவிட்டேன், தூக்கத்தில் இருப்பவரை எழுப்புவது போல் இருந்தது. (சில வகுப்புகளில் அது பொருந்தவும் கூடும்.) இதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மொழிபெயர்ப்பு நண்பன்