கவிதா வீட்டு ஃபைகஸ்

கவிதா: சித்தப்பா, போன மாதம் வாங்கிய ஃபைகஸ் பெஞ்சமினா தொட்டிச் செடி தினமும் ஒரு கைப்பிடி இலை கொட்டுகிறது. பெருக்கிப் பெருக்கி இடுப்பே போய்விட்டது. புசுபுசுவென்று வந்தது, இப்போது பாதி மொட்டை. செத்துவிட்டதா?

சித்தப்பா: சாகாது. ஒரு குச்சியை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்.

கவிதா: உள்ளே பச்சைதான். வெள்ளையாகப் பால் வந்து விரலில் ஒட்டிக்கொண்டது.

அத்தை: முதலில் கையைக் கழுவு! சிலருக்கு அந்தப் பால் அரிக்கும். பூனைக்குட்டி இலையைக் கடித்து வைத்தால் வாந்திதான், பார்த்துக்கொள்.

சித்தப்பா: பால் வந்தால் உயிர் இருக்கிறது. எங்கே வைத்திருக்கிறாய்?

கவிதா: முதலில் பால்கனி, அப்புறம் டிவி பக்கத்தில், நேற்றிலிருந்து ஏசிக்குக் கீழே.

சித்தப்பா: அது என்ன சூட்கேஸா? ஆல், அரசு, அத்திக்கெல்லாம் பங்காளிதான், ஆனால் இதற்கு மட்டும் ரோஷம் அதிகம், வெளிச்சம் மாறினால் பழைய இலையை உதிர்த்துவிட்டு அந்த இடத்துக்குத் தக்கபடி புதுசு விடும், அதற்குள் நீ மறுபடி தூக்கிக்கொண்டு போனால் அது என்ன செய்யும்? கிழக்கு ஜன்னல் ஓரம் வை. மதிய வெயில் நேராக விழக்கூடாது, ஏசிக் காற்று படவே கூடாது. இரண்டு மாதம் நகர்த்தாதே. தண்ணீர்?

கவிதா: வாரம் இரண்டு முறைதான்.

அம்மா: நான் தினமும் அரிசி களைந்த தண்ணீர் ஊற்றுகிறேனே, வீணாகக் கொட்டுவானேன் என்று.

கவிதா: அம்மா!!! இப்போதுதான் பார்த்தேன், அடித்தட்டில் தண்ணீர் நின்று கொசுப்புழு நெளிகிறது.

சித்தப்பா: அதுதானே பார்த்தேன். தட்டைக் கவிழ்த்துவிடு, வேர் அழுகினாலும் இலை இப்படித்தான் கொட்டும். மண்ணுக்குள் விரலை இரண்டு கணு விட்டுப் பார், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று. யாராவது ஒருவர் மட்டும் ஊற்றுங்கள்.

அத்தை: பிழைத்ததும் காம்பவுண்டு ஓரம் நட்டுவிடலாமே அண்ணா? நிழலாவது கிடைக்கும்.

சித்தப்பா: வேண்டவே வேண்டாம். தொட்டியில்தான் இது சாது, தரையில் விட்டால் பெரிய மரம். பாங்காக் நகரத்தின் அடையாள மரமே இதுதான். எங்கள் தெருவில் ஒருவர் சம்ப் பக்கத்தில் நட்டார், வேர் உள்ளே போய் சுவரே விரிந்துவிட்டது.

அம்மா: அப்போது அரிசி களைந்த தண்ணீரை என்ன செய்வது?

சித்தப்பா: கறிவேப்பிலைக்கு ஊற்றுங்கள் அண்ணி, அது கோபித்துக்கொள்ளாது.

கவிதா: ஜன்னல் பக்கம் வைத்துவிட்டேன். தூக்கும்போதே இன்னும் பத்து இலை போச்சு.