பையனுக்கு நிலாவில் வேலை

குழு: கல்மண்டபம் குடும்பம்

அம்மா: வசந்தா அண்ணி, எம்.கே.பி. நகர்க்காரர்களிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள்? பெண்ணின் பெரியப்பா இப்போதுதான் போன் செய்தார். பையனுக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் எந்தப் பிரிவு என்று கேட்கிறார்.

பிரியா: ஐயோ

பிரியா: அண்ணா வாழ்த்துகள்

வசந்தா அத்தை: நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை செல்வி. ராத்திரியில் உட்கார்ந்து நிலாவுக்கு ராக்கெட் விடுகிறான் என்றேன். விடுகிறானா இல்லையா? தீபாவளிக்கு வந்தபோது என் கண்ணால் பார்த்தேன்.

அம்மா: அது கேம் அண்ணி!!

குமார் சித்தப்பா: *இன்று நள்ளிரவு நிலா பச்சை நிறத்தில் தெரியும். அடுத்த வாய்ப்பு 400 ஆண்டுகளுக்குப் பிறகுதான். அனைவருக்கும் பகிரவும்*

மாலா சித்தி: இங்கே என்ன பேச்சு நடக்கிறது, நீங்கள் என்ன அனுப்புகிறீர்கள்

குமார் சித்தப்பா: நிலா என்று பார்த்தேன், அனுப்பினேன்

கார்த்தி: அத்தை, ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த கேம் பெயர் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம். அதில் பூமிக்குப் பதில் கெர்பின் என்று ஒரு கிரகம். ஆரம் 600 கி.மீ.தான், நம் பூமியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதன் நிலாவுக்குப் பெயர் மன், 12,000 கி.மீ. தூரத்தில் சுற்றுகிறது. எல்லோரும் ராக்கெட்டைக் கீபோர்டில் ஓட்டுவார்கள். நான் கே.ஓ.எஸ். என்று ஒரு மாட், அதாவது கேமோடு சேர்க்கும் கூடுதல் நிரல், போட்டிருக்கிறேன். அது ராக்கெட்டுக்குள் ஒரு குட்டி கம்ப்யூட்டரை வைக்கும். எப்போது சாய வேண்டும், எரிபொருள் தீர்ந்த அடுக்கை எப்போது கழற்ற வேண்டும், எங்கே எஞ்சினை அணைக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். ஏவிய பிறகு நான் ஒரு பட்டனையும் தொடக்கூடாது. அதுவாகவே போய் மன்னில் இறங்க வேண்டும்.

வசந்தா அத்தை: அப்போ ராக்கெட் விடுகிறாய்தானே

பிரியா: பாயிண்ட்

அம்மா: பிரியா நீ சும்மா இரு

மாலா சித்தி: எனக்கும் இப்படித்தான் நடந்தது. மாப்பிள்ளை துறைமுகத்தில் அதிகாரி என்றார்கள். வந்து பார்த்தால் கிளியரிங் ஆபீசில் பில் எழுதுகிறார்.

குமார் சித்தப்பா: அது எந்தக் காலம், இப்போது எதற்கு

மாலா சித்தி: ஞாபகம் வந்தது, சொன்னேன்

வசந்தா அத்தை: ஆபீஸ் துறைமுகத்துக்கு எதிரேதானே இருந்தது

மாமா: கார்த்தி, தொடாமல் எப்படி இறங்கும்

கார்த்தி: மாமா, நல்ல கேள்வி. மன்னில் காற்று கிடையாது, பாராசூட் விரியாது. எஞ்சினைத் திருப்பிப் பிடித்துத்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். சீக்கிரம் பற்றவைத்தால் எரிபொருள் வீண். தாமதமானால் தரையில் மோதும். அதனால் நிரல் ஒரே ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பப் போடும்: இந்த வேகத்தில் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்? வேகத்தை வேகத்தால் பெருக்கி, வேகம் குறையும் வீதத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். விநாடிக்கு 300 மீட்டரில் விழுகிறது, ஈர்ப்பு போக விநாடிக்குப் பத்துப் பத்து மீட்டராகக் குறைக்க முடியும் என்றால் 4,500 மீட்டர். உயரம் அந்த எண்ணைத் தொட்டதும் எஞ்சின் முழுவேகத்தில் எரியும். எரிய எரிய எடை குறையும், பிடி இன்னும் பலமாகும். அதனால்தான் திரும்பத் திரும்பக் கணக்கு.

அம்மா: இதை ஆபீஸ் வேலையில் காட்டியிருக்கலாம்

மாமா: உயரம் எங்கிருந்து எங்கே

கார்த்தி: அதில்தான் வில்லங்கம். சாதாரண உயரம் ஒரு நிலையான மட்டத்திலிருந்து கணக்கு. மன்னில் பல கிலோமீட்டர் உயரத்துக்கு மேடு இருக்கிறது. 3,000 மீட்டர் என்று காட்டும்போதே மலையில் முட்டிவிடும். நேர் கீழே இருக்கும் தரையிலிருந்து அளக்கும் ரேடார் உயரத்தை எடுக்க வேண்டும்.

மாமா: அதைக் கேட்கவில்லை. ஹூக்கிலிருந்தா, பெட்டியின் அடியிலிருந்தா? கிரேனில் இருந்தபோது புதுப் பையன்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லுவேன். நீ பார்ப்பது கன்டெய்னரை மேலிருந்து கவ்வும் ஸ்ப்ரெடரை, டிரெய்லரைத் தொடப்போவது கன்டெய்னரின் அடி. எட்டரை அடி கீழே இருக்கும். அதை மறந்தால் டமார்.

கார்த்தி: மாமா!! அதேதான். ரேடார் விண்கலத்தின் நடுவிலிருந்து அளக்கும். கால் வரைக்கும் உள்ள உயரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

மாமா: கழி

வசந்தா அத்தை: ரிட்டயர் ஆகியும் கிரேனை விட்டு இறங்கவில்லை

குமார் சித்தப்பா: சந்திரயான் 3-ஐ பெங்களூரில் உட்கார்ந்து ரிமோட்டில் இறக்கினார்களே, அந்த மாதிரி செய்யலாமே

கார்த்தி: இல்லை சித்தப்பா. 2023 ஆகஸ்ட் 23 மாலை 5.44 மணிக்குத் தானியங்கி இறக்கம் தொடங்கியது, 6.04-க்குத் தரையைத் தொட்டது. நடுவில் அவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். சிக்னல் நிலாவுக்குப் போய்த் திரும்பவே இரண்டரை விநாடி ஆகும், ரிமோட் வேலைக்கு ஆகாது. கேமிலும் மன்னுக்குப் பின்பக்கம் போனால் தொடர்பு அறுந்துவிடும். நிரலை முன்பே விண்கலத்தின் சொந்த நினைவகத்தில் காப்பி செய்திருக்க வேண்டும், அதுவும் சின்னது. பேட்டரி தீர்ந்தால் கம்ப்யூட்டரே அணைந்துவிடும்.

வசந்தா அத்தை: அந்தச் சந்திரயான் திட்டத்தை நடத்திய வீரமுத்துவேல் விழுப்புரத்துப் பையன். அப்பா ரயில்வேயில் இருந்தவர். விழுப்புரம் செய்தால் கல்மண்டபம் செய்யாதா

அம்மா: அண்ணி, அவர் இஸ்ரோ. இவன் மாதவரத்தில் கன்டெய்னர் யார்டில் கணக்குப் பார்க்கிறான்.

மாலா சித்தி: பேட்டரி என்றதும் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை நம் பக்கம் கரண்ட் இருக்காதாம், பராமரிப்பாம். பேப்பர்காரர் சொன்னார்.

அம்மா: அவர்கள் பத்தரைக்கு வருகிறார்கள்!

மாலா சித்தி: சனிக்கிழமை ராத்திரியே மோட்டார் போட்டுவிடுங்கள் அக்கா

பிரியா: அப்போ ராக்கெட் டெமோ கேன்சல்

வசந்தா அத்தை: கம்ப்யூட்டரை ஹாலில் வைக்கலாம் என்று இருந்தேன்

கார்த்தி: அத்தை வேண்டாம். அவர்களிடம் நானே பேசிவிடுகிறேன். யார்டில் வேலை, ராத்திரியில் இது பொழுதுபோக்கு, அவ்வளவுதான்.

வசந்தா அத்தை: மாப்பிள்ளை போன் செய்வது முறையா

மாமா: நான் பேசுகிறேன்

அம்மா: அண்ணா, நீங்கள் கிரேனில் ஆரம்பித்தால் அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார்கள்

குமார் சித்தப்பா: அண்ணன் பேசட்டும். பெரியவர் சொன்னால் மரியாதை.

அம்மா: உங்கள் அண்ணன் எல்லாவற்றையும் படித்துவிட்டார், நீல டிக் தெரிகிறது. வாய் திறந்தால்தானே

மாலா சித்தி: சரி, சாப்பாடு? காசிமேட்டில் விடியற்காலையில் போனால் வஞ்சிரம் நல்லதாகக் கிடைக்கும். இவரை அனுப்பட்டுமா?

குமார் சித்தப்பா: நாலு மணிக்கா

அம்மா: அவர்கள் கவிச்சி சாப்பிடுவார்களா? அண்ணி, கேட்டீர்களா?

வசந்தா அத்தை: அதைக் கேட்கவில்லை

பிரியா: நிலா வரைக்கும் சொன்னீர்கள், இதைக் கேட்கவில்லையா

வசந்தா அத்தை: பேச்சு அந்தப் பக்கம் போகவில்லை

மாமா: கார்த்தி, கடைசி ஐந்து மீட்டரில் என்ன வேகம்

கார்த்தி: விநாடிக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட

மாமா: குறை. சத்தமே வரக்கூடாது.

அம்மா: ராக்கெட்டை விடுங்கள். மீன் வாங்குவதா வேண்டாமா? அவர்களிடம் யார் பேசப்போகிறீர்கள்?

அப்பா: 👍

அம்மா: எதற்கு இந்தக் கட்டைவிரல்? மீனுக்கா, போனுக்கா?