புற்றுநோய் ஆய்வேட்டை ஸ்வீடிஷில் எழுதச் சொல்வது சரியா?

நித்திலா:
கோத்தன்பர்க்கில் ஸ்வீடிஷ் மொழியியல் படிக்கிறேன். இந்த வாரம் இரண்டு முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் புரட்டினேன். ஒன்று ஸ்வீடிஷ் தொடரியல் (வாக்கிய அமைப்பு), முழுக்க ஸ்வீடிஷில். இன்னொன்று புற்றுநோய்ச் செல் உயிரியல், முழுக்க ஆங்கிலம். கடைசியில் நாலு பக்கம் மட்டும் ஸ்வீடிஷ் சுருக்கம். 2009-இல் வந்த மொழிச் சட்டம் ஸ்வீடிஷை நாட்டின் முதன்மை மொழி என்கிறது. தங்கள் துறைக்கான ஸ்வீடிஷ் கலைச்சொற்களை வளர்ப்பது அரசு அமைப்புகளின் பொறுப்பு என்றும் சொல்கிறது. உப்சாலா, லுண்ட், கரோலின்ஸ்கா பல்கலைக்கழகங்கள் எல்லாம் அரசு அமைப்புகள்தான். இங்கே ஆய்வேடு என்பது பெரும்பாலும் சில கட்டுரைகளும், அவற்றைப் போர்த்தும் ஒரு நீண்ட முன்னுரையும். அந்த முன்னுரைக்குக் 'காப்பா' என்று பெயர், மேலங்கி என்று பொருள். கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருக்கட்டும். மேலங்கியையாவது ஸ்வீடிஷில் எழுத வைக்க வேண்டும் என்கிறேன்.

கதிர்_உப்சாலா:
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நான் செல் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். எட்டுப் பேர், ஐந்து தாய்மொழிகள். ஸ்வீடிஷ் கட்டாயம் என்றால் எங்களில் பாதிப் பேர் வந்திருக்கவே மாட்டார்கள்.

லுண்டில் 1955 டிசம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மனிதச் செல்லில் 48 குரோமோசோம்கள் (மரபணுக்களைச் சுமக்கும் இழைகள்) என்றுதான் முப்பது வருடங்களுக்கு மேல் உலகமே நம்பியிருந்தது. ஜாவாவில் பிறந்து ஸ்பெயினில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜோ ஹின் ட்ஜியோ, லுண்டில் ஆல்பர்ட் லெவானின் ஆய்வுக்கூடத்துக்கு வந்து எண்ணியபோது 46தான் இருந்தது. 1956-இல் ஹெரெடிடாஸ் என்ற ஸ்வீடன் இதழில் அது ஆங்கிலத்தில் வெளியானது. ஸ்வீடிஷில் போட்டிருந்தால் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? புற்றுநோய்ச் செல்லின் குரோமோசோம் கோளாறு எது என்று சொல்ல, முதலில் சரியான எண் தெரிய வேண்டுமே!

உப்சாலாவின் கார்ல்-ஹென்ரிக் ஹெல்டினும் பெங்த் வெஸ்தர்மார்க்கும் லண்டன் குழுவோடு சேர்ந்து 1983-இல் காட்டியதும் அப்படித்தான். ரத்தத் தட்டணுக்களிலிருந்து வரும் ஒரு வளர்ச்சிக் காரணியும், குரங்குப் புற்று வைரஸில் இருந்த ஒரு மரபணு உருவாக்கும் புரதமும் கிட்டத்தட்ட ஒன்றே. சாதாரண வளர்ச்சிக்கான கட்டளையைத்தான் புற்றுச் செல் திருடிக்கொள்கிறது என்று புரிய வைத்த வேலை அது. பொது மொழி இல்லாமல் அது நடந்திருக்காது.

பழனிவேல்:
மொழிச் சண்டையே தேவையில்லை. ஸ்வீடிஷ் அகாதெமி அகராதி 1883-இல் தொடங்கி 2023-இல்தான் முடிந்தது. 140 வருடம், 39 தொகுதிகள்! அந்த உழைப்பும் பணமும் புற்றுநோய்க்குப் போயிருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும்?

நித்திலா:
பழனிவேல் சார், அகராதியை நிறுத்தினால் அந்தப் பணம் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அந்த அகராதியின் முதல் தொகுதி வந்தது 1898-இல். 'அலர்ஜி' என்ற சொல் மருத்துவத்தில் பிறந்தது 1906-இல். அதனால் 'A' எழுத்துக்கான அந்தத் தொகுதியில் அது இல்லை. இப்போது முன்பே முடித்த எழுத்துகளுக்குத் திரும்பிப் போய் விட்டுப்போன சொற்களைச் சேர்க்கிறார்கள். மருத்துவம் நகரும்போதெல்லாம் மொழிக்கும் வேலை வருகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கதிர், நான் கேட்பது இதுதான். ஸ்வீடிஷில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் 'என்' அல்லது 'எத்' என்ற இரண்டு பாலில் ஒன்றில் உட்கார வேண்டும். ஆங்கில 'the' போலச் சுட்டும் விகுதி சொல்லின் கடைசியில் ஒட்டும். புரதம் 'எத்' வகை, ஏற்பி (செல்லுக்கு வரும் செய்தியை வாங்கும் மூலக்கூறு) 'என்' வகை. செல்லின் தற்கொலை 'அப்போப்தோஸ்', அதையே சுட்டிச் சொன்னால் 'அப்போப்தோசென்'. இது சட்டம் போட்டு வந்ததல்ல, யாரோ உட்கார்ந்து எழுதியதால் நிலைத்தது. எழுதுவதை நிறுத்தினால் அடுத்த சொல் ஆங்கிலக் கோலத்திலேயே தங்கிவிடும்.

தேன்மொழி:
நான் ஸ்டாக்ஹோம் பக்கம் புற்றுநோய் வார்டில் நர்ஸ். கீமோதெரபிக்கு இங்கே எல்லோரும் சொல்வது 'செல்யிஃப்ட்'. செல் நஞ்சு என்று பொருள். 'யிஃப்ட்' என்றால் நஞ்சு. கல்யாணமானவர் என்பதற்கும் அதே சொல்தான். முதல் நாள் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு நஞ்சா கொடுக்கப்போகிறாய்?" என்று கேட்டார். வேகமாகப் பிரியும் செல்களைத்தான் அது முக்கியமாகத் தாக்கும், முடி கொட்டுவதும் அதனால்தான் என்று ஸ்வீடிஷில் நிதானமாகச் சொன்ன பிறகுதான் கையை விட்டார். புது மருந்துகள் வரும்போது அப்படிச் சொல்ல எங்களுக்கு வாக்கியங்கள் கிடைப்பதில்லை. துண்டுப் பிரசுரம் பாதி ஆங்கிலமாக இருக்கிறது. கதிர் தம்பி, உங்கள் நாலு பக்கச் சுருக்கத்தை யார் எழுதுகிறார்கள்?

கதிர்_உப்சாலா:
அக்கா, உண்மையைச் சொல்கிறேன். பெரும்பாலும் ஸ்வீடிஷ் தெரிந்த சக மாணவர் ஒருவர், அச்சுக்குப் போகும் முந்தின வாரம். என்னுடையதும் அப்படித்தான் நடக்கவிருந்தது. அது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழு மேலங்கியையும் கட்டாயமாக்குவதை இப்போதும் எதிர்க்கிறேன். ஹங்கேரியிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வருபவர் நாலு வருடத்தில் செல் உயிரியலையும் கற்று, ஆய்வு நடையில் ஸ்வீடிஷும் எழுத முடியாது.

நித்திலா:
ஹங்கேரி என்றீர்களே, ஜார்ஜ் க்ளைன் 1947-இல் புடாபெஸ்டிலிருந்து வந்தவர். கரோலின்ஸ்காவில் புற்றுக்கட்டி உயிரியல் துறையை உருவாக்கினார். ஆய்வுகளை ஆங்கிலத்தில் எழுதினார், கட்டுரை நூல்களை ஸ்வீடிஷில் எழுதி ஆயிரக்கணக்கானவர்களைப் படிக்க வைத்தார்.

கதிர்_உப்சாலா:
அவர் வாழ்நாள் முழுக்க இங்கே இருந்தார். அவரை அளவுகோலாக வைத்து இருபத்தாறு வயது மாணவரை அளக்காதீர்கள். சுருக்கத்தை நாலிலிருந்து பத்துப் பக்கமாக்கி, நோயாளிகளோடு பேசுகிற ஒருவர் படித்துப் பார்த்த பிறகே ஏற்க வேண்டும் என்று விதி வைத்தால் கையெழுத்துப் போடுவேன்.

தேன்மொழி:
அந்த விதி வரும்வரை காத்திருக்க வேண்டாம், உங்கள் சுருக்கத்தை நானே படித்துப் பார்க்கிறேன். எப்போது உங்களுக்கு ஆணியடிப்பு? (மற்றவர்களுக்கு: இங்கே ஆய்வேட்டைப் பலகையில் ஆணியடித்து மாட்டிய பிறகுதான் வாய்மொழித் தேர்வு.)

கதிர்_உப்சாலா:
அக்டோபரில் அக்கா. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன். நித்திலா, 'என்'னா 'எத்'தா என்று எனக்கே தெரியாத இடங்களில் மஞ்சள் அடித்து வைக்கிறேன், நீங்களும் பாருங்கள்.