ஜிப்சம் போர்டுக்கான பல்வேலைக் கருவி: நம்ம கடலோரத்தில் எப்படித் தாங்குது? அனுபவம் சொல்லுங்க

கீழக்கரை, சீலிங் வேலை:
ஆறு அங்குல பட்டி பிளேடு, பிடியின் அடியில் இரும்புத் தொப்பி, பிடிக்குள்ளேயே ஸ்க்ரூ முறுக்குற முனை, அதாவது ஸ்டார் பிட். ஏணி மேல நிக்கிறவங்களுக்கு இதுதான் தோது. பட்டி பார்க்கிறதுக்கு முன்னாடி பிளேடை ஸ்க்ரூ வரிசை மேல வெறுமனே இழுங்க. ‘டிக்’குனு தட்டினா தலை வெளியே நிக்குது, பிட்டால் கால் சுற்று போதும். அதுக்கு மேல முறுக்கினா போர்டு மேல ஒட்டியிருக்கிற பேப்பர் கிழியும். போர்டைத் தாங்குறது அந்தப் பேப்பர்தான், உள்ளே இருக்கிற ஜிப்சம் இல்லை. கிழிஞ்ச இடத்திலிருந்து ரெண்டு அங்குலம் தள்ளி இன்னொரு ஸ்க்ரூ போடணும். 12.5 மி.மீ. போர்டுக்கு 25 மி.மீ. ஸ்க்ரூ.

பாம்பன், இன்டீரியர்:
மடக்கு வகையும் இருக்கு: ஒரு பக்கம் கட்டர் பிளேடு, மறுபக்கம் குத்து ரம்பம், சிலதில் சின்ன அரமும் உண்டு. நேர்வெட்டுக்கு ரம்பம் எடுக்கவே கூடாது, தூசிதான் மிச்சம். முன்பக்கப் பேப்பரைக் கீறி, போர்டைப் பின்னால மடக்கி ஒடிச்சு, பின்பேப்பரை அறுத்தா முடிஞ்சுது. ரம்பம் ஸ்விட்ச் பெட்டிக்கும் லைட் ஓட்டைக்கும்தான். குத்துறதுக்கு முன்னாடி மெயினை அணைங்க. முனை போர்டைத் தாண்டிப் போகும், பின்னாடி ஒயர் இருக்கும்.

வெட்டின ரெண்டு ஓரம் சேருற இடத்தில் அரத்தால் சாய்வாத் தேய்ச்சுக் குழி விடுங்க. விடலேன்னா இணைப்பு மேல ஒட்டுற டேப் மேடு தட்டும், லைட் போட்டதும் கோடு தெரியும்.

தேவிபட்டினம், பெயின்டிங்:
அண்ணே, பிளேடுல பட்டி கல்லா இறுகிடுதே, பட்டி சரியில்லையா?

கீழக்கரை, சீலிங் வேலை:
எந்தத் தண்ணி, தம்பி? கிணத்து உப்புத்தண்ணின்னா அதுதான் காரணம். உப்பு சேர்ந்தா ஜிப்சம் சீக்கிரம் இறுகும், காஞ்ச பிறகு வெள்ளையாப் பூக்கவும் செய்யும். காவிரிக் குழாய்த் தண்ணியில கலக்குங்க. வாளியைக் கழுவாம அடுத்த கலவை போட்டாலும் இதே கதைதான், பழைய துணுக்கு புதுசை இறுக்கிடும்.

ராமேஸ்வரம், ஹார்டுவேர் கடை:
வாங்கும்போது துருப்பிடிக்காத எஃகு பிளேடா பாருங்க. சாதா எஃகு நல்லா வளைஞ்சு கொடுக்கும், ஆனா இந்த உப்புக்காத்துல ஒரே ராத்திரியில் பழுப்பு தட்டும். அந்தத் துரு பட்டியில் கலந்தா வெள்ளை பெயின்ட் மேல புள்ளிபுள்ளியா வரும். மடக்கு வகையில் கீல்தான் முதல்ல போகும்; ஜிப்சம் தூசி ஈரம் இழுத்து உள்ளேயே கட்டியாகும். தினமும் பிரஷால் தட்டி, நல்ல தண்ணியில கழுவித் துடைச்சு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க. மறுநாள் பிளேடுல இருக்கிற எண்ணெயைத் துணியால் சுத்தமா எடுத்த பிறகுதான் பட்டியைத் தொடணும், இல்லேன்னா பட்டி ஒட்டாது.