அப்பாவின் பீடிக் கணக்கு: ஆபா எண் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். எங்கள் வீடு களியக்காவிளையில். அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். முதலில் நாகர்கோவிலில் காட்டினோம், இப்போது திருவனந்தபுரத்தில் கதிர்வீச்சு நடக்கிறது. முதல் சீட்டில் ‘புகைப்பழக்கம் இல்லை’ என்று இருக்கிறது, அடுத்ததில் ‘உண்டு’. உண்மை என்னவென்றால், 40 வருடமாகத் தினம் ஒரு கட்டு பீடி. நோய் தெரிந்ததும் விட்டார், நடுவில் மறுபடி இரண்டு மூன்று. டாக்டர் கேட்டால் மட்டும் ‘அதெல்லாம் எப்பவோ விட்டாச்சு’ என்பார்! கதிர்வீச்சு நேரத்தில் புகைத்தால் சிகிச்சையின் பலன் குறையும், வாய்ப்புண்ணும் கூடும். அதனால் ஒவ்வொரு முறையும் கேட்டு எழுத வேண்டிய விஷயம் இது.

ஆபா (ABHA) என்பது மத்திய அரசுத் திட்டத்தில் நமக்குத் தரும் 14 இலக்க உடல்நல அடையாள எண், அதில் மருத்துவமனைப் பதிவுகளை இணைக்கலாம், நாம் சம்மதித்தால்தான் இன்னொரு மருத்துவமனை பார்க்க முடியும் என்பது வரை தெரியும். இப்படி மாநில எல்லை தாண்டி யாராவது இணைத்திருக்கிறீர்களா? பழைய காகிதச் சீட்டுகளை நாமே ஏற்றினால் டாக்டர் கண்ணில் படுமா? அந்தத் தப்பான ‘இல்லை’யைத் திருத்த யாரைப் பார்க்க வேண்டும்?

அப்புறம், 1800 11 2356 என்ற இலவச எண்ணில் பேசிப் புகையை விட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அப்பாவை நான் பேச வைக்கிறேன். வியாழக்கிழமை மறுபடி போகிறோம்.