66 செவெல்லில் பவர்கிளைடை இறக்கிவிட்டு 700ஆர்4 போடலாமா? வீட்டிலேயே முடியுமா?

கராஜ்குளிர்:
வணக்கம். கையில் ஒரு 1966 செவர்லே செவெல் இருக்கிறது. 283 வி8, கம்பெனியிலேயே வந்த பவர்கிளைடு (இரண்டு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி), ஸ்டீயரிங் பக்கத்தில் லீவர். மிச்சிகனில் இருக்கிறேன், உப்புத் தெளிக்காத மாதங்களில் மட்டும்தான் வெளியே எடுப்பேன். வண்டி ஓடுகிறது, ஆனால் கியர்பாக்ஸுக்கு வயசாகிவிட்டது. காலையில் ரிவர்ஸ் போட்டால் மூன்று நான்கு நொடி யோசித்துவிட்டு, அப்புறம் ஒரு இடி இடித்துப் பின்னால் நகர்கிறது. டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பார்த்தால் தீய்ந்த வாடை. எப்படியும் இறக்கத்தான் வேண்டும் என்று ஆனபிறகு, அதே இரண்டு கியர் பெட்டியைச் சரிசெய்து திரும்ப மாட்ட மனசு வரவில்லை. சிக்னலில் கிளம்பும்போது உட்கார்ந்த எருமை எழுந்திருப்பது போல எழுந்திருக்கிறது.

தெரிந்தவர் ஒருவர் 700ஆர்4 ஒன்று வைத்திருக்கிறார், எண்பதுகளின் கடைசியில் வந்த வண்டியிலிருந்து இறக்கியதாம். நான்கு கியர், ஓவர்டிரைவ் உண்டு. “செவர்லே இன்ஜினுக்கு செவர்லே பெட்டி, அப்படியே பூட்டிக்கொள்ளலாம்” என்கிறார். உண்மையா? என்னிடம் இருப்பது 3 டன் ஜாக் ஒன்று, ஸ்டாண்டு நான்கு, ஓரளவு டூல்ஸ், இரண்டு வார இறுதி, அப்புறம் பிடிக்க ஒரு மச்சான். கிளட்ச் மாற்றியிருக்கிறேன், ஆட்டோமேட்டிக்கில் இதுவரை கை வைத்ததில்லை.

பழையஇரும்பு:
இன்ஜினோடு சேரும் முகம் ஒன்றுதான், அந்த அளவுக்கு அவர் சொன்னது சரி. முகத்துக்குப் பின்னால் எல்லாம் வேறு. உங்கள் பவர்கிளைடு நீளம் சுமார் 27½ அங்குலம், 700ஆர்4 30¾. அந்த மூன்று அங்குலத்துக்காக டிரைவ் ஷாஃப்டை வெட்டிப் பற்றவைத்து பேலன்ஸ் பார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பெட்டியைத் தாங்கும் கிராஸ்மெம்பரும் இரண்டு அங்குலம் பின்னால் நகர வேண்டும். 200-4ஆர் என்று இன்னொரு நான்கு கியர் பெட்டி இருக்கிறது, அது நீளத்தில் பவர்கிளைடை ஒட்டியே வரும், ஷாஃப்டைத் தொட வேண்டாம். ஆனால் அதற்குத் தாங்கும் இடம் ரொம்பப் பின்னால் இருக்கிறது, கிராஸ்மெம்பரை ஆறரை அங்குலம் தள்ளி, ஃபிரேமில் புதுத் துளை போட வேண்டியிருக்கும். மிச்சிகன் ஃபிரேம் என்கிறீர்கள், முதலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்.

இதெல்லாம் அப்புறம். பின் ஆக்சில் ரேஷியோ என்ன? அது தெரியாமல் ஓவர்டிரைவ் வேண்டுமா வேண்டாமா என்று பேசுவதே வீண். பின் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள், மற்றது தரையில், முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் போடுங்கள். ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தை சரியாக இரண்டு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றிவிடாமல் தடுக்கும்) ஆக்சிலாக இருந்தால் இந்தக் கணக்கு ஒத்துவராது, இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்.

தீய்ந்தகிளட்ச்:
நான் 700ஆர்4 போட்டவன், அதனால் சொல்கிறேன். பூட்டுவது கஷ்டமே இல்லை. ஆளைக் கொல்வது டிவி கேபிள், அதாவது த்ராட்டில் வால்வு கேபிள். (வீட்டு டிவிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, என் மனைவிக்கு இதைப் புரியவைக்க ஒரு சாயங்காலம் ஆனது.) கார்புரேட்டரின் த்ராட்டில் எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு இந்தக் கேபிள் இழுபட்டு, அதற்கேற்ப பெட்டிக்குள் ஆயில் அழுத்தம் ஏற வேண்டும். பழைய வண்டிகளில் வரும் கிக்டவுன் கேபிள் தவறாக இருந்தால் மிதிக்கும்போது கியர் இறங்காது, அவ்வளவுதான் நஷ்டம். இது தளர்வாக இருந்தால் அழுத்தமே குறைவாக இருக்கும், மூன்றாவது நான்காவது கியர் கிளட்சுகள் வழுக்கி வழுக்கியே எரிந்துபோகும். ஓட்டும்போது ஒன்றும் தெரியாது, சொல்லப்போனால் கியர் மாறுவது வழவழவென்று அருமையாக இருக்கும், நானும் அப்படித்தான் ஏமாந்தேன். என் கார்புரேட்டரில் கேபிள் மாட்டிய துளை தவறான இடத்தில் இருந்தது. பாதி மிதித்தால் கால்வாசிதான் இழுத்தது. பெட்டிக்கு அடியில் இருக்கும் ஆயில் தட்டை (பேன்) கழற்றியபோது அதில் கறுப்பு மாவு போலப் படிந்திருந்தது, விரலில் தேய்த்தால் பென்சில் கரி மாதிரி.

போடுவதானால் உங்கள் கார்புரேட்டருக்கென்றே செய்த பிராக்கெட்டை வாங்குங்கள், பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்துவிட்டு ரோட்டில் இறக்குங்கள். லாக்கப் கன்வெர்ட்டருக்கு (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் உருளை, வேகத்தில் நேராகப் பூட்டிக்கொள்ளும் வகை) தனியாக 12 வோல்ட் வயரிங் வேறு இருக்கிறது, அதை மாட்டாமல் விட்டால் சூடு ஏறும்.

கராஜ்குளிர்:
பயமுறுத்திவிட்டீர்கள் அண்ணா. சுற்றிப் பார்த்தேன். மச்சான் சக்கரத்தைச் சுற்ற நான் அடியில் படுத்து எண்ணினேன்: மூன்று சுற்று, அதற்கு மேல் ஒரு விரல் அகலம். இரண்டு தடவை பார்த்தோம், அதேதான். டயர் உயரம் 26 அங்குலம்.

பழையஇரும்பு:
அப்படியானால் 3.08. உங்களுக்கு ஓவர்டிரைவ் தேவையே இல்லை தம்பி.

கணக்கு இதுதான்: மைல் வேகத்தை ரேஷியோவால் பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயர் உயரத்தால் வகுத்தால் இன்ஜின் சுற்று வந்துவிடும். 65 மைலில் உங்களுக்கு 2,600-க்கு ஒரு மயிரிழை கீழே. இது 283-க்கு ஒரு சுமையே இல்லை. 700ஆர்4-இன் நான்காவது கியர் 0.70, போட்டால் 1,800-க்கு இறங்கும், சின்ன ஏற்றத்தில்கூட இன்ஜின் முனகிக்கொண்டு மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் ஊஞ்சல் ஆடும். 3.55, 3.73 ஆக்சிலாக இருந்தால் நானே போடுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு வலிப்பது கிளம்பும்போதுதான். பவர்கிளைடின் முதல் கியர் 1.82 (சில வி8 வண்டிகளில் 1.76). டர்போ 350 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கின் முதல் கியர் 2.52, அப்புறம் 1.52, அப்புறம் நேர் (1.00). எண் பெரிதானால் கிளம்பும் இழுவை அதிகம். அந்த எருமை எழுந்து ஓடும். 6 அங்குல வால் (பெட்டியின் பின்முனைக் கூடு) உள்ள டர்போ 350, நீளத்திலும் தாங்கும் இடத்திலும் பவர்கிளைடுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். அதே ஷாஃப்ட், ஷாஃப்டைப் பெட்டியோடு சேர்க்கும் அதே 27 பல் யோக், அதே கிராஸ்மெம்பர். வேக்குவம் மாடுலேட்டருக்கான (இன்ஜின் உறிஞ்சலை வைத்து ஆயில் அழுத்தத்தை மாற்றும் கருவி) குழாய் உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருக்கும். புதிதாக வேண்டியது கிக்டவுன் கேபிள், ஃபில்லர் குழாய், பொருந்தும் கன்வெர்ட்டர், லீவர் இணைப்பில் கொஞ்சம் வேலை. கூலர் குழாய்களைக் கொஞ்சம் வளைக்க வேண்டிவரும், மாட்டுமுன் உள்ளே நன்றாகக் கழுவுங்கள், பழைய பெட்டியின் கரியெல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

பழைய பார்ட்ஸ் யார்டில் வாங்கும்போது வாலை அளந்து வாங்குங்கள், 9 அங்குலமும் 12 அங்குலமும்கூட இருக்கிறது. பேனில் 13 போல்ட், ஒரு மூலை மட்டும் வெட்டினாற்போல இருந்தால் டர்போ 350. எண்பதுகளின் தொடக்கத்தில் லாக்கப்போடு வந்த 350சி வேண்டாம்.

மூன்றுகளுக்:
எல்லாம் சரி, ஒன்றை யாரும் சொல்லவில்லையே. கன்வெர்ட்டரை முழுதாக உட்கார வைப்பது. நான் பம்ப் உடைத்த கதை இது, யாரையும் குறை சொல்ல முடியாது, முழுக்க என் அவசரம்.

கன்வெர்ட்டரைப் பெட்டிக்குள் தள்ளும்போது ஒரு தடவை ‘களுக்’ என்று உள்ளே போகும். போய்விட்டது என்று தோன்றும். போகவில்லை. அழுத்திக்கொண்டே திருகினால் இன்னொரு களுக், அப்புறம் இன்னொன்று. கடைசியாக விழுவது பம்பின் காதில் போய் உட்காருவது. நான் இரண்டோடு நிறுத்திவிட்டேன். இன்ஜினோடு சேர்த்தபோது கால் அங்குல இடைவெளி நின்றது, போல்ட்டை இறுக்கினால் இழுத்துக்கொள்ளும் என்று இறுக்கினேன். இழுத்துக்கொண்டது, பம்ப் கியரையும் சேர்த்து. ஸ்டார்ட் செய்ததும் தகரத்தில் கல் உருள்வது போல ஒரு சத்தம். பெட்டி கையால் தள்ளி முகத்தோடு முகம் ஒட்ட வேண்டும், போல்ட்டால் இழுக்கவே கூடாது. ஒட்டிய பிறகு கன்வெர்ட்டர் கையால் சுலபமாகச் சுற்ற வேண்டும், அதற்கும் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் (இன்ஜின் பக்கத்துச் சுழல் தகடு) நடுவே 1/8-லிருந்து 3/16 அங்குலம் வரை இடைவெளி இருக்க வேண்டும். சுற்றவில்லை என்றால் இறக்கிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள், எத்தனை மணி ஆகியிருந்தாலும். மாட்டுவதற்கு முன் கன்வெர்ட்டருக்குள் ஒரு குவார்ட் ஆயில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கிராஸ்மெம்பரைக் கழற்றினால் இன்ஜின் பின்பக்கம் சாயும், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி போய்ப் பின் சுவரில் இடிக்கும். மூடியை முன்பே கழற்றிவிடுங்கள். ஆயில் பேனுக்கு அடியில் மரக்கட்டை வைத்துத் தாங்குங்கள்.

கராஜ்குளிர்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். 700ஆர்4-ஐ அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு, 6 அங்குல வால் டர்போ 350 ஒன்று வாங்கிப் புது சீல்களோடு போட்டாயிற்று. இரண்டு வார இறுதி என்று நினைத்தது மூன்றாகிவிட்டது. அதில் ஒரு முழு நாள் மேலே இருக்கும் இரண்டு போல்ட்டுக்கே போனது, மூன்றடி எக்ஸ்டென்ஷன் போட்டு வாலுக்கு மேலாக விட்டுத்தான் கழன்றது. பெட்டி ஆயில் இல்லாமலேயே 120 பவுண்டு, சாதாரண ஜாக்கில் அது உருளப் பார்த்தது, மச்சான் இல்லையென்றால் என் நெஞ்சில்தான் இறங்கியிருக்கும். கடைசியில் டிரான்ஸ்மிஷன் ஜாக் வாடகைக்கு எடுத்தோம், முதலிலேயே எடுத்திருக்க வேண்டும்.

மூன்று களுக்கையும் எண்ணினோம். மூன்றாவது வர இருபது நிமிஷம். பெட்டிக்கும் கன்வெர்ட்டருக்கும் சேர்த்து ஏறத்தாழ பத்து குவார்ட் குடித்தது. சிக்னலில் கிளம்புவது இப்போது வேறு வண்டி மாதிரி இருக்கிறது, ரிவர்ஸ் போட்ட உடனே பிடிக்கிறது.

ஒரே ஒரு பிரச்சினை. ஸ்டீயரிங்கில் இருக்கும் முள்ளுக்கு இன்னும் பழைய பெட்டி நினைப்பு. டிரைவில் போட்டால் நியூட்ரலுக்கும் டிரைவுக்கும் நடுவில் நிற்கிறது, இரண்டாவதில் போட்டால் டிரைவ் என்கிறது.

பழையஇரும்பு:
அது ஸ்டீயரிங் தண்டின் உறைக்குள் லீவரை ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தும் பள்ளத் தகடு, பவர்கிளைடுக்கு வெட்டியது. மூன்று கியருக்கான தகடும் எழுத்துப் பட்டையும் தனியாகக் கிடைக்கும், ஸ்டீயரிங் வீலைக் கழற்ற வேண்டிவரும். அதுவரை மச்சானிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். நியூட்ரல் சேஃப்டி ஸ்விட்சையும் இன்றைக்கே பாருங்கள், முள் தள்ளி நிற்கிறது என்றால் கியரில் இருக்கும்போதே ஸ்டார்ட் ஆக வாய்ப்பு உண்டு.

கராஜ்குளிர்:
இப்போதுதான் போய்ப் பார்த்தேன். பிரேக்கை மிதித்துக்கொண்டு டிரைவில் சாவியைத் திருப்பினேன், ஸ்டார்ட்டர் சுற்றுகிறது. சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன், நாளைக்கு ஸ்விட்ச்.